என் படத்துக்குக் கீழே இரண்டு தேதி

மிக்ஸியில் தேங்காயும் பொட்டுக்கடலையும் ஓடிக்கொண்டிருந்தன. சட்னி பாதி அரைபட்டதும் நிறுத்தினேன். அப்போதுதான் வாசலில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் வெகுநாளாகப் படுக்கையில் இருந்தார். அவர்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். நல்ல மனுஷர், யார் வம்புக்கும் போகாதவர் என்று மனசுக்குள்ளே அஞ்சலிகூடச் செலுத்திவிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், ஒப்பாரி எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

அழுதது ராஜம்மா அக்கா. என் பெரியம்மா மகள். மொரப்பூரில் இருக்கிறார். தலையை விரித்துப்போட்டு, நெஞ்சில் அடித்து அடித்து அழுதார்.

“எங்க வூட்டு வெளக்கே... எல்லாருக்கும் படிப்பு சொன்ன மகராசியே... ரிட்டயர் ஆவுற அன்னிக்கே போயிட்டியே கமலா...”

கமலா நான்தான்.

வெப்பவியல் பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியவள் நான். கோடை வெயிலில், அரூரில், ஓர் ஆள் நின்ற இடத்திலேயே உறைந்துபோக முடியும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் உறைந்தேன். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. அதில் செருப்பும் இருந்தது.

“அக்கா” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கத்தினார், இந்த முறை ராகம் இல்லாமல். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ செத்துட்ட கமலா!” என்று விரலை நீட்டிச் சொன்னார். பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையைக் கேட்பதுபோல இருந்தது.

“யாருக்கா சொன்னது?”

“செல்லுல வந்துச்சு.”

போனை நீட்டினார். எங்கள் சொந்தக்காரர்கள் குரூப். அதில் என் படம். முட்டை வடிவச் சட்டத்துக்குள் நான் மூக்குக்கண்ணாடியோடு லேசாகச் சிரிக்கிறேன். சுற்றிலும் சாமந்திப்பூ பார்டர். கீழே என் பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு, பிறகு அன்றைய தேதி.

அதற்கும் கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக நின்றன. ‘ஆழ்ந்த இரங்கல்’. ‘எடுப்பது எப்போது?’ ‘பாடி வூட்லயா ஆஸ்பத்திரியிலயா?’

என்னைப் பாடி என்று எழுதியிருந்தவர் என் ஒன்றுவிட்ட மாமா. போன மாதம்தான் எங்கள் வீட்டில் களியும் கோழிக்குழம்பும் ஒரு கட்டு கட்டிவிட்டுப் போனவர்.

வாழ்த்து அட்டை வந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில், ஆய்வகத்தில் தவளை தப்பித்த கதையை எழுதினேன். படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிப்பீர்கள். எனக்கு மட்டும் இதை எழுதும்போது விரல் நுனி சில்லிடுகிறது.

அந்த அட்டை எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் புது வருஷத்துக்கு நடிகர் படம் போட்ட வாழ்த்து அட்டையை வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். திட்டிப் பார்த்தேன், பலனில்லை. சரி, அவரவர் பிறந்தநாளுக்கு நாமே அட்டை போடுவோம் என்று இறங்கினேன்.

அட்டையின் முகப்பில் ஒரு விஞ்ஞானியின் படம். பக்கத்திலேயே அதே அளவுச் சட்டத்தில் பிள்ளையின் படம். கீழே பிள்ளையின் பெயர். உள்ளே திறந்தால், ‘இவர் ஒரு கேள்வி கேட்டார். அடுத்த கேள்வி உன்னுடையது. பிறந்தநாள் வாழ்த்து’ என்றிருக்கும். எந்த விஞ்ஞானி வேண்டும் என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

விஞ்ஞானிகளுக்கு வகுப்பில் யாரும் முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள். ரேடியம் அம்மா, தலை கலைஞ்சவரு, தலைப்பா சாரு, குரங்குத் தாடிக்காரரு. நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். பையன்கள் பாதிப்பேர் தலை கலைந்தவரைத்தான் கேட்பார்கள். தலை வாராமல் பள்ளிக்கு வர ஒரு சாக்கு கிடைத்தது என்று பிறகுதான் புரிந்தது.

அச்சடித்தவன் கோவிந்தன், என் பழைய மாணவன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்து டிசைன் செய்து அச்சும் போடுகிறான். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லாப் பத்திரிகையும் அவனிடம்தான். அதிலும் கருமாதிப் பத்திரிகைக்கு அவனை விட்டால் ஆளில்லை. இறந்தவர் முகத்தை அப்படி வெளுப்பாக்கிக் கொடுப்பான்.

சித்தேரி அம்மாவின் கேள்வி

முதல் வருஷமே ஒரு சண்டை வந்தது.

விஞ்ஞானிகள் படத்துக்குக் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருக்கும். பார்க்கப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கோவிந்தன் பிள்ளைகளின் படத்துக்குக் கீழேயும் பிறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, அதற்குப் பிறகு காலியாக விட்டிருந்தான். எனக்கும் அது பிடித்திருந்தது. வாழ்க்கை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மறுவாரம் சித்தேரி மலையிலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வந்தார். பணியாளர் அறை மேசைமேல் அட்டையை வைத்தார்.

“டீச்சரு, அவுங்கல்லாம் போய்ச் சேந்தவங்க. ரெண்டு பக்கமும் எழுதியிருக்கீங்க, சரி. எம்புள்ளைக்கு என்னாத்துக்கு இந்தப் பக்கம் எடம் உட்டு வெச்சிருக்கீங்க? யாரு வந்து எழுதறதுக்கு?”

அறிவியல், மூடநம்பிக்கை என்று ஏதாவது பேசியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பேச்சு வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு முகத்துக்குக் கீழே கோடும் தேதியும் இருந்தால், அதைப் படித்துப் பார்க்கக்கூட யாரும் நிற்க மாட்டார்கள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தெருவுக்குத் தெரு சுவரொட்டி பார்த்து வளர்ந்த கண் அப்படிப் பழகியிருக்கிறது.

அன்றே கோவிந்தனைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கோடே போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றான். அதற்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் போட்டதில்லை.

என் பணி நிறைவு விழாவுக்குப் பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கே அந்த அட்டையைப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல். முகப்பில் நான், பின்னட்டையில் என் விஞ்ஞானிகள் அத்தனை பேரும். உள்ளே, ‘கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த டீச்சருக்குப் பணி நிறைவு வாழ்த்துகள்’.

உள்பக்கம் யார் போனுக்கும் போகவில்லை. பழைய மாணவர் குரூப்பில் கோவிந்தன் போட்ட முகப்பை மட்டும் எடுத்து, எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் உறவினர் குரூப்பில் தள்ளிவிட்டான். பெருமைக்காகத்தான் அனுப்பினானாம்.

செத்தவள் போனை யார் எடுப்பார்கள்?

ராஜம்மா அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் போனைத் தேடினேன். சார்ஜில் போட்டிருந்தேன், சத்தமில்லாமல். என் வீட்டுக்காரர் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார், விழாச் சமையலைப் பார்த்துக்கொள்ள. அவரைக் கூப்பிட்டால் பேச்சில் இருப்பதாகவே வந்தது. ஊரே அவரிடம் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

எனக்கு ஒரே ஓர் அழைப்புதான் வந்திருந்தது. அதே எண் மறுபடியும் வந்தது. எடுத்தேன்.

“மாமா...” என்று அழுகைக் குரல். சுகுணா. என் அண்ணன் மகள். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“அத்தைதான் பேசறேன்டி.”

செத்தவள் போனை என் வீட்டுக்காரர்தான் எடுப்பார் என்று நினைத்திருக்கிறாள். போனைக் கீழே போட்ட சத்தம். பிறகு, தூரத்திலிருந்து, “ஐயோ அத்தே! அத்தே! அத்தே!”

நானும் அழுதேன். எதற்கென்று தெரியாமல் அழுதேன். கொஞ்சம் அடங்கியதும் அவள் சொன்னாள்.

“அத்தே, நான் விடிகாலையிலயே அப்பாக்கு போன் போட்டு சொல்லிட்டேன். அப்பா கெளம்பிட்டாரு. பஸ்ல வந்துட்டு இருக்காரு.”

“எங்க வராரு?”

“உங்க வூட்டுக்குத்தான்.”

மாதையன் அண்ணன்

மாதையன் என் கூடப்பிறந்த அண்ணன். வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். சாமந்தியும் மரவள்ளியும் போடுகிறார். என்னை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தது அவர்தான். அப்பா வேண்டாம் என்றபோது, ஏர் பிடித்துக்கொண்டே, “அவ படிக்கட்டும்” என்று சொன்னவர்.

அவருக்கு ஒரே மகள் சுகுணா. பத்தாவது முடித்த கோடையில் அவளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை நல்ல இடம், நிலம் நீச்சு இருக்கிறது, தள்ளிப்போனால் கைநழுவும் என்று அவர் கணக்கு. எனக்குப் பத்திரிகை வைக்க அவரே நேரில் வந்தார். வேண்டாம் அண்ணா என்று கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு நான் போன் செய்தேன். பந்தக்கால் நட்ட பிறகு அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள். சொந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். யார் சொன்னது என்று அவர் கேட்டார். நான் கூட்டத்தின் நடுவிலிருந்து, “நான்தான்” என்றேன்.

அதைச் செய்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நாளைக்கு வேறொரு பிள்ளைக்கு என்றாலும் செய்வேன். ஆனால் அன்று என் அண்ணன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

“இன்னியோட முடிஞ்சுது. நல்லது கெட்டது எதுக்கும் வராத. நீ செத்தாலும் நான் வரமாட்டேன்” என்றார். வாசல் மண்ணை அள்ளித் தூற்றினார்.

சொன்ன சொல் மாறாத மனுஷர். என் மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது வரவில்லை. பேருந்து நிலையத்தில் எதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். சுகுணாவை மட்டும் மறுபடி பள்ளிக்கு அனுப்பினார், நர்சிங்கும் படிக்க வைத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். போன் வைத்திருக்கிறார், ஆனால் சுகுணா திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. நான் உயிரோடு இருப்பதை அவருக்குச் சொல்ல வழியில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. பயம். பார்த்ததும் திரும்பிப் போய்விட்டால்? இந்த ஒரு வருகையையும் வீணாக்கிவிட்டால், நிஜமாகவே நான் போகும்போது எதற்கு வருவார்?

கோடி

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சாமியானா போடுகிறவர் கம்பிகளோடு வண்டியில் வந்து நின்று, “எங்க போடறதுங்க?” என்று என்னிடமே கேட்டார். கோவிந்தன் ஓடிவந்து என் காலில் விழுந்தான்.

“எதுக்குடா அந்தத் தேதியப் போட்ட?”

“பின்னட்டையில அவுங்க எல்லாருக்கும் ரெண்டு தேதி இருக்குதுங்க டீச்சர். உங்களுக்கு ஒண்ணு மட்டும் போட்டா கொறையா இருந்துச்சு. ரிட்டயர் ஆவுற தேதியப் போட்டேன். சாமி சத்தியமா வேற எதுவும் நெனைக்கல. கை பழகிடுச்சுங்க டீச்சர்.”

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் கூட்டம் விலகியது.

மாதையன் அண்ணன் வந்தார். தலை குனிந்தபடியே வந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. மெலிந்து, தோள் இறங்கி, என் அண்ணன் கிழவராகியிருந்தார்.

வாசற்படிக்கு வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பொறந்த வூட்டுக் கோடி கொண்டாந்திருக்கேன். யாருகிட்டங்க குடுக்கறது?”

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுச்சேலைதான் கோடி. எனக்குப் போர்த்த வேண்டியது. என் கண்முன்னால், அவர் கையில் இருந்தது.

நான்தான் கையை நீட்டினேன்.

“எங்கிட்டயே குடுண்ணா.”

அவர் என் காலை முதலில் பார்த்தார். பிறகு மெதுவாக மேலே. பொட்டலம் கையிலிருந்து நழுவியது, நான் பிடித்துக்கொண்டேன். ராஜம்மா அக்கா ஓடிவந்து போனைக் காட்டி, அட்டையைக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கேட்டதும் அவர் முகம் கறுத்தது. நான் பயந்தபடியே நடந்தது.

“ஆள வெச்சி வெளையாடறீங்களா? நான் சாவுக்குத்தான் வந்தேன். உயிரோட இருக்கறவ வூட்டுக்கு வரல.”

“சாவுக்கும் வரமாட்டேன்னு சொன்னவன்தான நீ?” என்றேன்.

சட்டென்று திரும்பி கேட் வரை போனார். அங்கே நின்றுவிட்டார். பொட்டலம் என் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டும் போக முடியாது, வாங்கிக்கொண்டும் போக முடியாது. கோடியாக வெளியே வந்த சேலையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவளிடம் விட்டுப்போவது அதைவிடக் கேடு. அவர் நம்பும் எந்தச் சாஸ்திரத்திலும் இதற்கு வழி இல்லை.

“அதக் குடு. ஆத்துல உடறேன்” என்றார், திரும்பாமலே.

நான் துண்டைப் பிரித்தேன்.

பட்டுச்சேலை. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. மடிப்பு மடிப்பாய் நிறம் வெளுத்திருந்தது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. விடிகாலையில் கிளம்பிய மனுஷருக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

“அண்ணா, இத எங்க வாங்கின?”

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கோடிக்கு யாராச்சும் பட்டு எடுப்பாங்களா? இது எப்ப எடுத்தது?”

ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

“சுகுணா கல்யாணத்துக்கு எடுத்தது. அத்தைக்குன்னு எடுத்தது. உன் நெறத்துக்கு எடுப்பா இருக்கும்னு நானே போய் எடுத்தேன்.”

“இத்தினி வருசமா வெச்சிருந்தியா?”

“வேற யாருக்குக் குடுக்கச் சொல்ற?”

படியில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போனதாகச் செய்தி வந்தபோதுகூட இப்படி ஆகவில்லை. இத்தனை வருஷமும் என்னை அடியோடு வெறுத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பீரோவில் என் பெயருக்கு ஒரு பட்டுச்சேலை இருந்திருக்கிறது. வருஷா வருஷம் யாரோ அதற்கு அந்துருண்டை மாற்றியிருக்கிறார்கள்.

எழுந்து உள்ளே போனேன். அழுதுகொண்டே கட்டினேன். பொருந்தாத ஜாக்கெட்தான் கிடைத்தது. பரவாயில்லை என்று வெளியே வந்தேன்.

ராஜம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் திரும்பிப் பார்த்துப் பதறி ஓடிவந்தார்.

“கமலா! அவுறு அத! கோடின்னு கொண்டாந்தது! அபசகுனம்!”

என் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்!

“நீ கோடின்னு நெனச்சி கொண்டாந்த. எடுத்தப்ப என்னா நெனச்சி எடுத்த? அது எனக்குப் போதும்.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். “அன்னிக்கு நீ பண்ணது தப்புதான். இன்னிக்கும் சொல்றேன்.”

“தப்பில்ல. இன்னிக்கும் சொல்றேன்.”

“இட்லி இருக்குதா?” என்றார். “ராவுலேருந்து ஒண்ணும் திங்கல.”

பாதி அரைத்த சட்னியை அப்படியே போட்டேன். நற நறவென்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

விழாவுக்கு அவரும் வந்தார். கடைசி வரிசையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம். முடிந்ததும் கோவிந்தன் தயங்கித் தயங்கி வந்தான். அட்டையை மாற்றிப் போட்டுவிடுகிறேன் டீச்சர், ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நான் போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினேன்.

கோவிந்தன் போனைத் தூக்கினான். அண்ணன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

“இருப்பா. கீழ தேதி கீதி எதுவும் போட்டுறாத. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்.”